கல்லூரிக் கோயிலில் ஒரு கொலை: கத்தோலிக்க வளாகத்தை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதிரியார்கள் நடத்திய கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கிப் படித்தவன் நான். அது தெரிந்த நண்பர்கள் சிலர், அப்படிப்பட்ட வளாகத்தில் கொலைக்கதை எழுதினால் அச்சுக்குப் போகுமுன் என்னிடம் படிக்கக் கொடுப்பார்கள். வெள்ளை அங்கி, மெழுகுவர்த்தி, கோபுர மணி, இருண்ட தாழ்வாரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் யாருக்கு என்ன தெரியலாம், யார் யாரை மாற்றலாம், எந்தச் சாவி யாரிடம் என்பதற்கெல்லாம் அந்த வளாகத்தில் எழுதிய விதி உண்டு. அதைக் கவனிக்காமல் எழுதினால், தெரிந்த வாசகர் மூன்றாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். அதைவிடப் பெரிய நட்டம், நல்ல முடிச்சுகள் அந்த விதிகளுக்குள்ளேயே கிடப்பதுதான்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள், ஊரில் இன்னமும் பாவசங்கீர்த்தனம்தான். கொலையாளி வந்து மண்டியிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். சாமியார் இரவெல்லாம் தூங்காமல் புரண்டுவிட்டு, விடிந்ததும் இன்ஸ்பெக்டரிடம் ஒரு 'குறிப்பு' மட்டும் கொடுக்கிறார். நான் படித்த பிரதிகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இது நடக்கவே நடக்காது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் எண், சொல்லாலோ சைகையாலோ எக்காரணம் கொண்டும் பாவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது. நேரடியாக மீறும் குரு, யாரும் தீர்ப்புச் சொல்லாமலேயே அந்தக் கணத்தில் சபை விலக்குக்கு ஆளாகிறார். அதை நீக்கும் அதிகாரமும் ரோமைக்குத்தான்.

அடுத்த எண்ணான 984-ஐ யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை, ரகசியம் வெளியாகும் ஆபத்தே இல்லாவிட்டாலும், சொன்னவருக்குப் பாதகமாகக் குரு பயன்படுத்தக் கூடாது. இதைக் கதையில் வைத்துப் பாருங்கள். பரிசோதனைக்கூட உதவியாளர் ஒருவர், ரசாயனப் புட்டி ஒன்றை எடுத்து ஒருவரைக் கொன்றதாகச் சனிக்கிழமை மாலை சொல்லிவிட்டுப் போகிறார். கேட்ட சாமியார்தான் கல்லூரியின் செயலர். திங்கட்கிழமை காலை, அதே உதவியாளருக்குக் கூடத்தின் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கான தாள் கையெழுத்துக்காக அவர் மேசைக்கு வருகிறது. சாவி கொடுக்காதே என்று சொல்ல அவருக்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். வெளியே அட்டெண்டர் காத்துக்கொண்டிருக்கிறார். துப்பாக்கியே இல்லாமல் வாசகரை நாற்காலியின் நுனிக்கு இழுக்கிற காட்சி இது.

இன்னொரு சறுக்கல், 'போய்ச் சரணடை, அப்போதுதான் பாவமன்னிப்பு' என்று குரு நிபந்தனை போடுவது. அப்படி ஒருபோதும் நிபந்தனை வைக்கக் கூடாது என்று வத்திக்கானின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம் 2019 ஜூன் 29 தேதியிட்ட குறிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனம் வருந்தாதவருக்கு மன்னிப்பை மறுக்கலாம். சரணடையும்படி கெஞ்சலாம், மன்றாடலாம். அதற்கு மேல் கிடையாது. மரத் தடுப்புக்குப் பின்னால் நின்று தற்செயலாகக் கேட்டுவிட்டவரையும் அந்த ரகசியம் கட்டும். செல்போனில் பதிவு செய்பவருக்கும் தண்டனை உண்டு. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத் தொகுப்பில் அது 1386-ஆம் எண்ணில் இருக்கிறது.

ஆனால் விடுதி அறையில் காபி குடித்தபடி ஒரு மாணவன் சாமியாரிடம் கொட்டித் தீர்ப்பது பாவசங்கீர்த்தனம் ஆகாது. அது நம்பிச் சொன்ன சேதி, அவ்வளவே. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்தால் ஒரு முழு அத்தியாயம் கையில் இருக்கிறது: அவன் சொன்னது எந்தக் கணத்தில் பாவசங்கீர்த்தனமாக மாறியது? அவன் மண்டியிட்டபோதா, அவர் சிலுவை அடையாளம் வரைந்தபோதா?

நீதிமன்றக் காட்சியிலும் கவனம் வேண்டும். அமெரிக்கக் கதைகளைப் படித்துவிட்டு, 'குருவைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது' என்று வழக்கறிஞர் முழங்குவதாக எழுதுகிறார்கள். அமெரிக்க மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே உண்டு. இந்தியச் சாட்சியச் சட்டம் கணவன் மனைவி பேசிக்கொண்டதற்கும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் பாதுகாப்புத் தந்தது. குருவைப் பற்றி அதில் தனிப் பிரிவே இல்லை, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இல்லை. நம் நாட்டுக் கூண்டில் ஏறும் சாமியார் ஒரு பக்கம் நீதிமன்றத்துக்கும் மறுபக்கம் திருச்சபைச் சட்டத்துக்கும் நடுவில் நிற்கிறார். இத்தனை கனமான முடிச்சை இரவல் வசனத்துக்காகக் கைவிடலாமா? அப்படியே பழைய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவான 302-ஐயும் விட்டுவிடுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கொலை என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு.

அடுத்தது, யார் யாருக்கு மேலே என்ற குழப்பம். கதையில் ஆயர் (பிஷப்) கோபப்பட்டு முதல்வரை ஒரே இரவில் மாற்றிவிடுகிறார். கல்லூரி அவருடைய ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்துடையது என்றால் சரி. சேசு சபை, சலேசியர் போன்ற துறவற சபைகளின் கல்லூரி என்றால், அந்தத் துறவியை மாற்றுவது சபையின் மாநிலத் தலைவர் (புரோவின்ஷியல்)தான். வளாகத்துக்குள்ளேயே ரெக்டர், செயலர், முதல்வர் என்று மூன்று நாற்காலிகள் இருக்கும். துறவிகள் இல்லத்துக்கு ரெக்டர், வகுப்புக்கும் தேர்வுக்கும் முதல்வர், பணமும் நிர்வாகமும் பெரும்பாலும் செயலரிடம். மூவரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். துணைவேந்தரை அங்கே உட்காரவைப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இவை தன்னாட்சி பெற்றிருந்தாலும் கல்லூரிகள்தான், பட்டம் அரசுப் பல்கலைக்கழகம் தருவது. சென்னை லயோலா 1925-இல் தொடங்கியது, 1978-இல் தன்னாட்சி பெற்றது, இன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததே.

சொத்துக்காகக் கொலை செய்யப்பட்ட துறவி என்று எழுதுமுன் ஏழ்மை வார்த்தைப்பாட்டை, அதாவது ஏழ்மையில் வாழ்வேன் என்று துறவி கொடுக்கும் வாக்குறுதியைப் பற்றிக் கேட்டறியுங்கள். துறவி உழைத்துச் சம்பாதிப்பது சபைக்குத்தான் சேரும். வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பே அவர் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயில் எழுதியிருக்க வேண்டும். மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை, அவர் பெயரில் நிலம் இருக்கலாம். ஒரே வளாகத்தில் ஒரே மாதிரி அங்கி போட்ட இருவரில் ஒருவர் மட்டும்தான் சொத்தைத் தன் விருப்பப்படி ஆள முடியும் என்பதே துப்பறிபவருக்குப் போதுமான நூல்முனை.

மணி ஓசை. பெரிய வெள்ளிக்கிழமை இரவு கோயில் மணி அடிக்கிறது, அந்த ஓசையில் வெடிச்சத்தம் அமுங்கிவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டின்போது ஒலித்து ஓயும் மணி, பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்தின இரவில், அதே பாட்டு வரும்வரை ஒலிக்காது. பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது. அவரிடம் சொன்னேன், உங்கள் கதையில் அன்றிரவு மணி அடித்ததாகச் சாட்சி சொல்கிற பேராசிரியர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் கொலையாளியே மணி அடித்திருக்கிறான். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், வீட்டுக்குப் போய்ப் பாதி நாவலைத் திருத்தினார்.

பூசை ரசத்தில் (திராட்சை மதுவில்) விஷம் வைப்பவர்களுக்கும் ஒன்று. பலர் சேர்ந்து பூசை வைத்தால் பல குருக்கள் அதே கிண்ணத்தில் அருந்துவார்கள், சாவது ஒருவர் மட்டும் ஆகாது. தனிப் பூசை என்றால் அன்று பீடத்துக்கு ஏறுபவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'சாமிக்குக் காய்ச்சல், சின்ன சாமிதான் வைக்கிறாங்க' என்று விடிகாலை ஐந்தரைக்குக் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சொன்னால், குறி தவறிய கொலை ஒன்று தயார். ரசமும் தண்ணீரும் எடுத்து வைப்பவரும் அநேகமாக அதே கோயில்பிள்ளைதான். ஊரிலுள்ள எல்லாச் சாவியும் தெரிந்த அந்த மனிதரை முதல் பக்கத்தில் கதவைத் திறக்க மட்டும் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

மனிதர்களிலும் இதே வறட்சி. வளாகத்தில் எல்லோரும் கத்தோலிக்கர் என்று எழுதாதீர்கள். மாணவரிலும் ஆசிரியரிலும் பிற சமயத்தார் ஏராளம். சாமியார் என்றால் ஒன்று புனிதர் அல்லது காமுகர் என்றும் எழுதாதீர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகத்தை (உலர்த்திய செடிகளின் காப்பகத்தை) வளர்த்து, தமிழகத்தின் தாவரங்களைப் பெரும் தொகுதிகளாகப் பதிவு செய்த கே. எம். மேத்யூ ஒரு சேசு சபைக் குரு. செங்காந்தள் கிழங்கின் நஞ்சைப் பற்றி உங்கள் இன்ஸ்பெக்டர் போய்க் கேட்க அப்படி ஒரு கற்பனைக் குரு இருந்தால் எவ்வளவு இயல்பாக இருக்கும்! பேயும் சுரங்கப்பாதையும் தேவைப்படாது. துப்பறியும் கதைக்கு 1929-இல் பத்து விதிகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ், அப்போது ஆக்ஸ்ஃபோர்டு கத்தோலிக்க மாணவர்களின் ஆன்ம குரு. அமானுஷ்யத்தை அறவே விலக்கினார், ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றார்.

உண்மையான கல்லூரியின் பெயரையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு பிணத்தைக் கிடத்த வேண்டாம். இருப்பவர்கள்மேல் பழி விழும். கற்பனைப் பெயர், கற்பனைச் சபை, நிஜமான விதிகள்.

கடைசியாக, கோயிலுக்குள்ளேயே கொலை நடந்தால் மறுநாள் காலை வழக்கம்போல் பூசை நடப்பதாக எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீட்டு எவ்வளவு கடுமையானது என்று ஆயர் முடிவு செய்வார். கடுமையானதென்றால் பரிகாரச் சடங்கு முடியும்வரை அங்கே வழிபாடு கிடையாது; திருச்சபைச் சட்டம் 1211. சடங்கன்று பீடத்தில் துணியோ பூவோ விளக்கோ இருக்காது, ஊதா உடையில் வரும் குரு தண்ணீர் தெளிப்பார். கொலையாளி இன்னும் பிடிபடவில்லை, மக்கள் கூட்டத்தில் அவனும் நிற்கிறான், தண்ணீர் அவன்மேலும் விழுகிறது. உங்கள் நாவலில் அந்தக் காட்சியை எந்த அத்தியாயத்தில் வைப்பீர்கள்?