கொடையாளரிடம் மறைக்காதீர்கள்: வளர்ச்சிப் பணிக்கு நிதி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிதி தரும் கொடையாளர் ஒருவரின் விண்ணப்ப அழைப்பு வெளியாகிறது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. தொண்டு அமைப்பினர் களத்தில் இருப்பவர்களை அலுவலகத்துக்கு வரவழைத்து, இரவெல்லாம் உட்கார்ந்து திட்ட முன்மொழிவு எழுதி, கடைசி நாளில் பதிவேற்றுகிறார்கள். சில மாதம் கழித்து 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் வருகிறது. எழுத்து சரியில்லை, அடுத்த தடவை நன்றாக எழுதத் தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

எழுத்தைத் திருத்துவது சுலபம். அதனால்தான் எல்லோரும் முதலில் அதில் கை வைக்கிறார்கள். ஆனால் சர்வதேச வளர்ச்சிப் பணிக்கு நிதி தேடுவதில் பெரிய தவறுகள் முன்மொழிவுக்கு முன்பும், பணம் வந்த பின்பும் நடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேர் ஒரே பயம்தான்: உள்ளதைச் சொன்னால் பணம் கிடைக்காமல் போய்விடும். அந்தப் பயத்தில்தான் நமக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குத் தலையாட்டுகிறோம், செலவைக் குறைத்துக் காட்டுகிறோம், தாமதத்தை மறைக்கிறோம்.

அழைப்புக்கு ஏற்ப வேலையை வளைப்பது

தாய்சேய் நலத்தில் பத்து வருடம் வேலை செய்த அமைப்பு, பருவநிலை நிதி வருகிறது என்றதும் திடீரென்று பருவநிலை அமைப்பாகிவிடுகிறது. முன்மொழிவைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு இது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பணம் கிடைக்காவிட்டால் மூன்று வார உழைப்பு வீண். கிடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: தெரியாத வேலைக்கு ஆள் எடுத்து, தெரிந்த வேலையைக் கைவிட வேண்டியிருக்கும்.

கொடையாளருக்குப் பிடித்ததும் மக்களுக்குத் தேவையானதும் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கு 'பிளேபம்ப்' ஒரு பாடம். குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும். யாருக்கும் உடனே பிடித்துப்போகும் யோசனை. 2006ல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. 2010க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் என்பது இலக்கு. நடந்தது வேறு. குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள் அந்தக் கனமான ராட்டினத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. சாதாரணக் கைபம்பைவிடச் செலவு பல மடங்கு. பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆள் இல்லை. திட்டம் எதிர்பார்த்தபடி போகவில்லை என்று நிதி கொடுத்த அறக்கட்டளையே 2010ல் வெளிப்படையாக எழுதியது. தண்ணீர் எடுக்க வரும் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை முன்கூட்டியே கேட்டிருந்தால் இதில் பாதி முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. எந்த அழைப்பையும் படிப்பதற்கு முன், அடுத்த மூன்று வருடம் எந்த வேலையைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். அழைப்பு வந்ததும் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'செய்ய மாட்டோம்' பகுதி காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தால் பயனில்லை.

பணத்தை மறுத்தால் கொடையாளர்கள் விலகிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நடந்ததைப் பார்க்கலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமி வேலைக்குத் தேவையான பணம் வந்துவிட்டது என்று சொல்லி, சில நாட்களிலேயே சுனாமிக்கென்று வரும் நன்கொடையை நிறுத்தியது. அதோடு விடாமல், ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் "உங்கள் பணத்தை வேறு அவசரப் பணிகளுக்குப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டது. மிகப் பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். அந்த அமைப்பு இன்றும் தன் வருவாயில் 90 சதவீதத்துக்கு மேல் தனிநபர்களிடமிருந்தும் தனியார் அமைப்புகளிடமிருந்தும்தான் பெறுகிறது.

செலவைக் குறைத்துக் காட்டுவது

என் பார்வையில் அமைப்புகளை உள்ளிருந்து அரிக்கும் தவறு இதுதான். வாடகை, கணக்காளர், ஆடிட், கணினி, இயக்குநரின் சம்பளம் எல்லாம் எந்த ஒரு திட்டத்துக்கும் நேராகச் சேராத பொதுச் செலவுகள். நிர்வாகச் செலவு அதிகம் என்று தெரிந்தால் கொடையாளர் முகம் சுளிப்பார் என்று நினைத்து, அவர் அனுமதிக்கும் வரம்பைக்கூட முழுதாகக் கேட்காமல் விடுகிறவர்கள் நிறைய.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்தில் அமைப்பின் மொத்தச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 நேரடித் திட்டச் செலவு, 20 பொதுச் செலவு. அப்படியானால் திட்டத்தில் செலவாகும் ஒவ்வொரு 100க்கும் பொதுச் செலவு 25 தேவை. கொடையாளர் 10 தருகிறார் என்றால் 15 குறைகிறது. அதாவது திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பற்றாக்குறையும் பெரிதாகிறது. பெரிய நிதி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் அமைப்பு, அடுத்த வருடம் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்கத் திண்டாடுவது இப்படித்தான்.

எனவே உங்கள் உண்மையான விகிதத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அதை நிர்வாகக் குழு ஒப்புக்கொண்ட ஒரு கொள்கையாக எழுதி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு கொடையாளரின் விதியையும் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில் மறைமுகச் செலவுக்கு (பொதுச் செலவைக் கொடையாளர்கள் இப்படித்தான் அழைக்கிறார்கள்) பொதுவாக 7 சதவீதம்தான் உச்சவரம்பு. அமெரிக்க அரசு மானியங்களில், தனியாகப் பேசி முடிவு செய்த விகிதம் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய விகிதம் 10 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அது 15 ஆனது. ஃபோர்டு அறக்கட்டளை தன் மானியங்களில் இந்த விகிதத்தை 2016ல் 20 ஆக உயர்த்தி, 2023 முதல் 25 ஆக்கியது. உண்மைச் செலவு என்ன என்று அமைப்புகள் தொடர்ந்து எடுத்துச் சொன்னதற்கு இந்த மாற்றங்களில் பங்கு உண்டு. வாய் திறக்காதவர்களால் எந்த விகிதமும் உயர்ந்ததில்லை.

விகிதம் குறைவாக இருக்கும் இடத்தில் வேறு வழி தேடலாம். திட்டத்துக்காகவே வேலை செய்யும் கணக்காளரின் நேரத்தையும் கண்காணிப்பு, மதிப்பீட்டுச் செலவையும் நேரடிச் செலவாகக் காட்டலாமா என்று கேளுங்கள். பல கொடையாளர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டிவிடாதீர்கள். ஆடிட்டில் அது கட்டாயம் சிக்கும்.

பட்ஜெட் போடும்போது அடிக்கடி மறந்துபோகும் விஷயங்கள் இன்னும் மூன்று. நிதி டாலரிலோ யூரோவிலோ வரும், செலவு உள்ளூர் நாணயத்தில் நடக்கும். மதிப்பு மாறினால் நஷ்டம் யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவைப் பெரும்பாலான கொடையாளர்கள் ஏற்க மாட்டார்கள். மூன்றாவது, வேலை முடித்துக் கணக்குக் காட்டிய பிறகே பணம் தரும் முறை. அந்த இடைவெளியைத் தாங்கக் கையிருப்பு இல்லாத அமைப்பு அதில் இறங்கக் கூடாது.

கெட்ட செய்தியைக் கடைசி வரை வைத்திருப்பது

திட்டம் ஆறு மாதம் பின்தங்கிவிட்டது. காலாண்டு அறிக்கையில் 'பணிகள் நடைபெற்று வருகின்றன' என்று ஒரு வரி. அடுத்த அறிக்கையிலும் அதே வரி. கடைசி மாதத்தில்தான் உண்மை வெளியே வருகிறது.

கொடையாளர் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் நிலையை யோசியுங்கள். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள்: அறங்காவலர் குழு, தணிக்கைத் துறை, சில இடங்களில் நாடாளுமன்றம். எட்டு மாதம் முன்பே தெரிந்திருந்தால் அவரால் கால நீட்டிப்பு வாங்கித் தர முடியும், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற அனுமதிக்க முடியும். நிதியாண்டு முடிய நாலு வாரம் இருக்கும்போது தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது. மீதிப் பணம் திரும்பிப் போகும், கூடவே அவருக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும்.

முதலில் தொலைபேசியில் பேசுங்கள். அன்றைக்கே எழுத்திலும் அனுப்புங்கள். என்ன நடந்தது, பணத்தையும் தேதியையும் அது எவ்வளவு பாதிக்கிறது, நாம் என்ன செய்கிறோம், உங்களிடம் என்ன வேண்டும் என்ற நாலு விஷயமும் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். காரணங்களை நீட்டி முழக்க வேண்டாம்.

உண்மை சொன்னால் அடி விழாது என்று நான் சொல்லவில்லை. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக 2002ல் தொடங்கிய குளோபல் ஃபண்ட், சில நாடுகளில் தன் பணம் முறைகேடாகப் போனதைத் தன் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரல் மூலமே கண்டுபிடித்து வெளியிட்டது. 2011 ஜனவரியில் அது பெரிய செய்தியானது. ஜெர்மனியும் ஸ்வீடனும் பணத்தை நிறுத்தி வைத்தன. அந்த வருடக் கடைசியில் புதிய திட்டங்களுக்கான ஒரு சுற்றையே ரத்து செய்ய வேண்டி வந்தது. நிர்வாகத்தை மாற்றி அமைத்தார்கள். 2013 டிசம்பரில் நடந்த நிதி திரட்டும் மாநாட்டில் 1,200 கோடி டாலருக்கு உறுதிமொழி கிடைத்தது.

இதன் மறுபக்கம் பிரிட்டன் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்பாம். ஹைட்டியில் தன் ஊழியர்கள் செய்த பாலியல் முறைகேடுகளை 2011ல் உள்ளுக்குள் விசாரித்த அந்த அமைப்பு, வெளியே முழுதாகச் சொல்லவில்லை. 2018ல் பத்திரிகை வழியாக அது வெடித்தபோது, பிரிட்டன் அரசின் புதிய நிதிக்கு விண்ணப்பிக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான தனிநபர் நன்கொடையாளர்கள் விலகினார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு நேர்ந்தது இதையெல்லாம்விடப் பெரியது என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் பிறகு இத்தகைய முறைகேடுகளைத் தடுக்கும் பாதுகாப்புக் கொள்கையும் புகார் விசாரிக்கும் முறையும் கொடையாளர்கள் முதலிலேயே சரிபார்க்கும் விஷயங்களாகிவிட்டன. கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. கடைசியாக ஒரு புகார் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

ஒரே ஊற்றை நம்புவது

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாள் நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. மார்ச்சில் அந்த அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் 83 சதவீதத் திட்டங்கள் ரத்து என்று அறிவிப்பு வந்தது. 1961ல் தொடங்கிய அந்த நிறுவனம் ஜூலை 1 அன்று தன் பணிகளை முடித்துக்கொண்டது. பிரிட்டன் 2027க்குள் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் முதற்கட்டக் கணக்குப்படி, 2024லேயே வளர்ச்சி உதவி 7.1 சதவீதம் சரிந்து ஏறக்குறைய 21,200 கோடி டாலராகியிருந்தது.

பல கொடையாளர்கள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண்ணுவதில்தான் தவறு நடக்கிறது. ஒரே அரசின் மூன்று துறைகளிடம் பணம் வாங்கினால் அது ஒரு கொடையாளர்தான். ஐ.நா. அமைப்பு ஒன்று தான் வாங்கிய நிதியிலிருந்து பிரித்துத் தரும் துணை மானியமும், பெரிய சர்வதேச நிறுவனம் ஒன்று தரும் துணை மானியமும் ஒரே அரசின் கஜானாவிலிருந்து வரலாம். ஒவ்வொரு நிதியும் முதலில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பட்டியல் போட்டால், ஐந்து என்று நினைத்தது இரண்டாகிவிடும்.

அதற்காகப் பதினைந்து சின்ன மானியங்களைத் துரத்துவதும் சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை, தனிக் கணக்கு, தனி ஆடிட் என்று களப்பணியாளர்களின் நேரத்தை அது தின்றுவிடும். தன்மையில் வேறுபட்ட மூன்று நாலு பேர், அதாவது ஒரு அரசு, ஒரு அறக்கட்டளை, கொஞ்சம் தனிநபர் நன்கொடை என்று இருப்பது மேல் என்பது என் கருத்து. தனிநபர் பணம் தொகையில் சிறியதாக இருந்தாலும் பெரும்பாலும் நிபந்தனை இல்லாமல் வரும். கையிருப்பைக் கட்டி எழுப்ப அதுதான் உதவும். ஒருவர் போனாலும் தாங்க முடியும் என்ற நிலை வந்தால்தான், அந்த ஒருவரிடமும் தைரியமாக உண்மை பேச முடியும்.

கேட்கும்போது மட்டும் பேசுவது

பல பெரிய அறக்கட்டளைகள், கேட்காமல் வரும் முன்மொழிவுகளைப் படிப்பதே இல்லை. தாங்களாகவே தெரிந்துவைத்திருக்கும் அமைப்புகளைத்தான் அழைக்கின்றன. எனவே பணம் கேட்காத நேரத்திலும் அவர்களுக்கு நீங்கள் தெரிந்தவராக இருக்க வேண்டும். களத்தில் கற்றதை இரண்டு பக்கத்தில் அனுப்புங்கள். அவர்கள் யாருக்கு, எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். தொடர்பு முழுவதும் இயக்குநர் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்காமல், பேசியதைக் குறித்துவைக்கும் ஒரு பொதுப் பதிவேடாவது இருக்கட்டும்.

பதிவு விஷயங்களும் இதில்தான் வரும். அமெரிக்க அரசு நிதிக்கு விண்ணப்பிப்போர் பதிந்துகொள்ளும் சாம் தளத்தில் பதிவை வருடம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். பருவநிலைக்கான கிரீன் கிளைமேட் ஃபண்டில் நேரடியாக நிதி பெறும் அங்கீகாரத்துக்குப் பல அமைப்புகளுக்கு வருடக்கணக்கில் ஆகியிருக்கிறது. அழைப்பு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது.

உள்ளூர் அமைப்பைப் பெயருக்குச் சேர்ப்பது

2016ல் இஸ்தான்புல்லில் உருவான 'கிராண்ட் பார்கெய்ன்' உடன்பாட்டில், 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதமாவது உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கூடுமானவரை நேரடியாகப் போக வேண்டும் என்று பெரிய கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உலக அளவில் அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. பெரிய நிறுவனங்கள் முன்மொழிவின் கடைசி வாரத்தில் உள்ளூர் அமைப்பைத் தேடிப் பிடித்து, பட்ஜெட்டைக் காட்டாமலேயே ஒப்புதல் கடிதம் மட்டும் வாங்குவது இன்றும் நடக்கிறது. வேலையையும் ஆபத்தையும் தாங்குபவர்களுக்குப் பொதுச் செலவில் ஒரு பைசா பங்கு இல்லை. இது அநியாயம். மனிதாபிமான அமைப்புகளின் ஒருங்கிணைப்புக் குழுவான ஐஏஎஸ்சி, உள்ளூர்க் கூட்டாளிகளுக்கும் மறைமுகச் செலவைப் பகிர்ந்து தர வேண்டும் என்று 2022ல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

நீங்கள் உள்ளூர் அமைப்பாக இருந்தால், கடிதம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். முழு பட்ஜெட்டையும் பார்க்கலாமா? மறைமுகச் செலவில் எங்கள் பங்கு எவ்வளவு? கொடையாளரோடு நடக்கும் கூட்டங்களில் நாங்கள் இருப்போமா? கொடையாளர் திட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் எங்கள் ஊழியர்களின் நோட்டீஸ் காலச் சம்பளம் யார் பொறுப்பு? 2025க்குப் பிறகு அந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.