பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா? மலையகத்துக்குப் புதிதாக வந்த தாய்மாருக்கு

நான் கோத்தகிரியில் பிறந்தவள். என் தாத்தா இலங்கையில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் பேர் விழுந்து கப்பலேறிப் போனார். நான் 2016-இல் அதே வழியைத் திருப்பிப் பிடித்து, திருப்பூரில் வேலை பார்த்த என் புருஷனோடு அவர் சொந்த ஊரான, இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தேன். இடுப்பில் இரண்டு வயது இரண்டு மாதப் பையன். அவன் வாயில் அதுவரை ஒரு சொல் இல்லை.

மாமியார் நல்ல மனுஷி. "இவங்க பெரியப்பா அஞ்சு வயசுலதான் பேசினாரு, இப்ப வாயை மூடச் சொன்னாலும் மூட மாட்டாரு" என்றார். வசம்பு உரசி நாக்கில் தடவினார். புது ஊர், குளிர், புது முகங்கள், அதில் பிள்ளை மிரண்டிருக்கிறான் என்று நானும் சொல்லிக்கொண்டு எட்டு மாதத்தை ஓட்டினேன். அந்த எட்டு மாதம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதனால்தான் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கும் நீலகிரிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வருகிறவர்களுக்கும் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நான் வந்த புதிதில் "அங்கன்வாடி எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் புரியவில்லை. இங்கே மூன்று வயதுக்கு மேல் போவது முன்பள்ளி. தோட்டத்தில் கைக்குழந்தையிலிருந்து விட்டுவிட்டு வேலைக்குப் போகிற இடம் பிள்ளைக் காம்பரா, அதற்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருப்பார்கள். தாலுகா ஆபீஸ் போல இருப்பது பிரதேச செயலகம், வி.ஏ.ஓ. போல இருப்பவர் கிராம உத்தியோகத்தர், ஆனால் வயதானவர்கள் இன்னும் ஏ.ஜி.ஏ. கந்தோர், கிராம சேவகர் என்றுதான் சொல்வார்கள். ஊட்டியிலோ திருச்சியிலோ மாவட்ட ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளின் குறைபாட்டை ஒரே கூரையின் கீழ் பார்க்கிற மையம் இருந்ததே, அதை இங்கே தேடி அலையாதீர்கள். இங்கே பேச்சுக்கு ஒருவர், கைகால் பயிற்சிக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று வெவ்வேறு கதவு, சில சமயம் வெவ்வேறு ஊர். எல்லாக் கதவுக்கும் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது, அவர் மிட்வைஃப்.

கடிதத்தில் குடும்பநல உத்தியோகத்தர் என்று எழுதியிருக்கும், கூப்பிடுவது மிட்வைஃப் மிஸ் என்று. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் உண்டு, அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி, அதாவது எம்.ஓ.எச். நீங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியேறினாலும் டவுனில் வாடகைக்கு இருந்தாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் அவர் பதிவில் உங்கள் வீடு இருக்க வேண்டும். தோட்டமாக இருந்தால் டிஸ்பென்சரியில் கேளுங்கள், எந்தக் கிழமை கிளினிக் என்று சொல்லிவிடுவார்கள். முதல் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயர் பதியுங்கள், இந்தியாவில் ஊசி போட்ட அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். அங்கே 9 மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போட்ட தட்டம்மை ஊசி இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் வருகிறது, ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அட்டை இருந்தால்தான் எது மிச்சம் என்று அவர்களால் பார்க்க முடியும்.

ஊசிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ச்சிப் பதிவுப் புத்தகம் தருகிறார்கள், வாய்ப்பேச்சில் கிளினிக் கார்ட். நிறைக் கோடு எல்லாருக்கும் தெரியும், ஆனால் எந்த வயதில் சிரிக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது சொல் வர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நம்மில் பாதிப் பேர் புரட்டுவதே இல்லை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் தானாக நடக்கவும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவும், சில சொற்கள் சொல்லவும் வேண்டும். இரண்டு, இரண்டரை வயதுக்குள் "பால் தா" என்பது போல இரண்டு சொல் சேர வேண்டும். இதில் ஒன்று தள்ளிப்போனால் உடனே பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு வந்த சொல் நின்றுபோனால் மட்டும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மறைக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிஸ் கேட்பார், "பிள்ளை கை காட்டுகிறானா, நீங்கள் காட்டும் இடத்தைப் பார்க்கிறானா?" நாம் "ஆமா மிஸ், எல்லாம் செய்வான்" என்று விடுவோம், பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், எல்லார் காதிலும் விழும். நான் அப்படித்தான் இரண்டு தடவை பொய் சொன்னேன். இது நம் குணம் மட்டுமில்லை போலிருக்கிறது. மனநல மருத்துவர் ஹேமமாலி பெரேராவும் அவரோடு இருந்தவர்களும் இலங்கைத் தாய்மாரிடம் வெளிநாட்டுக் கேள்வித்தாளை வைத்து ஆட்டிசம் என்கிற வளர்ச்சிக் குறைபாட்டைத் தேடியபோது அது பல பிள்ளைகளைத் தவறவிட்டது, அப்புறம் புகைப்படங்களைக் காட்டி "உங்கள் பிள்ளை இப்படிச் செய்கிறதா?" என்று கேட்கிற முறையைச் செய்து பார்த்தார்கள், அது நன்றாகப் பிடித்தது. 2009-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. ஒரு பெரிய தோட்டத்தில் எத்தனை சின்னப் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் வீட்டில் மட்டும் வந்த சாபமாக இது இருக்க முடியாது. கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருந்தால் போனில் பிள்ளை விளையாடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது நல்லது.

சரி, மிஸ் எழுதிக் கொடுப்பார், எம்.ஓ.எச். பார்ப்பார், அங்கிருந்து பிள்ளைகள் நிபுணருக்குக் கடிதம். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி கிட்ட, தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்துக்கு நுவரெலியா, பதுளைப் பக்கத்தில் பதுளைப் பெரியாஸ்பத்திரி. பெரிய பரிசோதனை என்றால் பேராதனையில் இருக்கிற சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கண்டி பஸ்ஸில் கண்டி வரை போக வேண்டாம், அதற்கு முன்னாலேயே பேராதனையில் இறங்கிவிடலாம். கொழும்புப் பக்கம் போக வசதியுள்ளவர்களுக்கு ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயதி நிலையம் இருக்கிறது, அது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே கட்டியது. அவசரப்பட்டு முதலிலேயே காசு கட்டி சனல் பண்ண, அதாவது தனியாரில் டொக்டரிடம் நேரம் எடுக்க, ஓடாதீர்கள், சாயங்காலம் தனியாரில் பார்க்கிற டொக்டர் பெரும்பாலும் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறவர்தான், தெரபியும் அங்கேதான் தொடர்ச்சியாகக் கிடைக்கும்.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். கதவு சாத்தினால் திரும்புகிறானே, டி.வி. பாட்டுக்கு ஓடி வருகிறானே, காது கேட்காமலா என்று நானும் சண்டை பிடித்தேன். சில சத்தம் மட்டும் கேட்டு, பேச்சுச் சத்தம் தெளியாமல் இருப்பது உண்டாம். அதோடு இந்த ஊர்ச் சளி. மாறி மாறிச் சளி பிடிக்கிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கேட்பது மங்கும்.

காதுப் பரிசோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். முந்திய இரவு தாமதமாகப் படுக்க வைத்து, வெள்ளென எழுப்பி, களைப்போடு கொண்டுவரச் சொன்னார்கள். சொன்னபடியே செய்தேன். காலை ஐந்து மணிக்குப் பேராதனைக்கு பஸ் ஏறினோம். கினிகத்தேனை வளைவு இறங்க முன்னமே என் தோளில் விழுந்தவன் கம்பளை தாண்டும் வரை அசையவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது கண்ணை மலர்த்தி, ஆறு மணி நேரம் தூங்கினவன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு எங்கே தூங்குவது? மறு தேதி ஏழு வாரம் கழித்து. ஆகவே பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எதையாவது காட்டிக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். காதுக்கு மெஷின் கொடுத்தால் ஒன்று: இந்த மூடுபனியில் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் இறுக மூடி வையுங்கள், அடுப்படியில் காய வைக்காதீர்கள்.

அடுத்தது பாஷை. பேச்சு சிகிச்சை கொடுக்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர் குறைவு. முதல் நாள் சிகிச்சை கொடுத்த பிள்ளை, ஆமாம், என்னைவிடச் சின்னப் பெண்தான், என் மகனிடம் சிங்களத்தில் பந்தைக் காட்டி "போலெ, போலெ" என்றாள், அவன் கூரையைப் பார்த்தான். "தெமள கதா கரன கெனெக் இன்னவத?" என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், தமிழ் பேசுகிற யாராவது இருக்கிறார்களா என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு அட்டெண்டனோ வரிசையில் நிற்கிற இன்னொரு தாயோ வந்து நிற்பார்கள். பிள்ளைக்கு எந்தப் பாஷையில் பழக்குவது என்று கேட்டால், வீட்டில் பேசுகிற தமிழில் என்று தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டு பாஷை காதில் விழுவதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, ஆனால் உங்களுக்கே சரியாக வராத பாஷையில் பிள்ளையோடு பேசினால் பேச்சே குறைந்துபோகும்.

மாதம் ஒரு தடவை அரை மணி நேரம், அவ்வளவுதான் ஆஸ்பத்திரியில் கிடைக்கும். மிச்ச நாளெல்லாம் நம் கையில். எங்களுக்கு அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தது சின்ன விஷயம். அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடியை இறுக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்பதற்கு முன்னமே கொடுத்துக் கொடுத்துத்தான் இவனுக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்கிறது என்றாள். முதல் நாள் போத்தலைத் தூக்கி எறிந்தான், நல்ல காலம் பாய்மேல் விழுந்தது. பத்தாவது நாளோ என்னவோ, போத்தலை எடுத்து வந்து என் கையில் வைத்து என் முகத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தானே, அதற்கே நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதையே பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம் சொன்னேன். படிப்பு நாலாம் வகுப்புதான், ஆனால் புரிந்துகொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டும். சேலைத் தொட்டிலில் இவனை உட்கார வைத்து ஆட்டுவார், திடீரென்று பிடித்து நிறுத்திவிடுவார், நிறுத்திவிட்டு இவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் நான் கூப்பிடப் போனபோது ஆயம்மா வாசலிலேயே நின்றார். "புள்ள, ஒம் மகன் 'ஆத்து'ன்னான்" என்றார். 'ஆட்டு' என்பதுதான் அது. எந்தக் கிளினிக்கிலும் எனக்கு அப்படியொரு செய்தி கிடைத்ததில்லை. அதனால் பிள்ளைக் காம்பராவை மட்டமாக நினைக்காதீர்கள், அங்கிருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் ஆயம்மாவிடமும் ஆஸ்பத்திரியில் சொன்னதைச் செய்து காட்டுங்கள். சிலர் "இந்தப் பிள்ளையைப் பார்க்க முடியாது" என்றும் சொல்வார்கள், எனக்கும் ஒரு முன்பள்ளியில் அது நடந்தது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார், பக்கத்து முன்பள்ளிகளையெல்லாம் தெரிந்தவர், அவரிடம் போய்க் கேட்டுத்தான் இன்னொரு இடம் பிடித்தேன்.

கைகால் விறைத்த பிள்ளைகளின் வீட்டில் கஷ்டம் வேறு. லயத்துப் படிக்கட்டில் சக்கர நாற்காலி ஓடாது. ஆனால் மூலையில் சாய்ந்து உட்காரும் மர நாற்காலி ஒன்றைக் கைகால் பயிற்சி கொடுக்கிற பிசியோவிடம் அளவு கேட்டு ஊர்த் தச்சரிடமே அடிக்கலாம், படுக்க வைத்து ஊட்டுவதை அன்றோடு விட்டுவிடலாம். வலிப்பு மருந்து எடுக்கிற பிள்ளையானால் இந்தியச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி வாருங்கள், கம்பனிப் பெயர் இங்கே வேறு. கையில் ஒரு மாத மருந்து மிச்சம் இருக்கும்போதே கிளினிக் போங்கள். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் பட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

காசுக் கதையையும் சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கிற தாய்க்கு ஒரு கிளினிக் என்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போனது, பஸ் காசு தனி. அதனால்தான் பாதிப் பேர் மூன்றாவது தடவையோடு நின்றுவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முடிந்தால் தேதி கொடுக்கும்போதே, இரண்டு கிளினிக் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போடச் சொல்லிக் கேளுங்கள், நான் கேட்டேன், போட்டுத் தந்தார்கள். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் ஆரம்பித்து, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும், டொக்டர் நிரப்பிய படிவம் கேட்பார்கள். தமிழில் எழுதிக் கொடுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கத்திய பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தால் பிள்ளையின் பிரஜாவுரிமையைத் தனியாகப் பதிய வேண்டும். மிட்வைஃபிடம் போக அதற்காகக் காத்திருக்காதீர்கள், ஆனால் கொடுப்பனவு, பள்ளிக்கூடம் என்று வரும்போது அது இல்லாமல் இழுபடும். ஐந்து வயது முடிந்தால் முதலாம் ஆண்டு. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டப்படி குறைபாட்டைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கக் கூடாது. எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மொழியில் விசேட கல்வி அலகு இருக்கிறது என்பதை வலயக் கல்விக் கந்தோரில் நாலு வயதிலேயே விசாரியுங்கள், ஜனவரியில் போய் நின்றால் இடம் இருக்காது. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழில் என்றால் யாழ்ப்பாணத்தில் கைதடி நஃபீல்ட் பாடசாலை இருக்கிறது, விடுதியில் விட மனம் வருமா என்பது அவரவர் பாடு.

கிளினிக் பைக்குள் என்ன வைப்பது என்று கேட்பவர்களுக்கு: கார்ட், இந்திய ஊசி அட்டை, பழைய சீட்டு எல்லாவற்றின் போட்டோப் பிரதி, மாற்று உடுப்பு, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், பிள்ளைக்குப் பிடித்த ஒரு சாமான். குடையும். ஹட்டனில் வெயில் அடிக்கிறதே என்று குடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கினிகத்தேனையில் கொட்டும்.