ஓசிஐ அட்டை: டிக்கெட் போடும் முன் பீரோவைத் திறங்கள்

ஊரில் இறங்கிய மறுநாளே திண்ணையில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "உங்களுக்கு ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் இருக்காமே?" இல்லை. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமே கிடையாது. இன்னொரு நாட்டின் குடியுரிமையை நாமாக விரும்பி ஏற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதற்குப் பிறகு நாம் வாங்கக்கூடியது ஓசிஐ ('ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா') அட்டை. பெயரில் 'சிட்டிசன்' என்று இருந்தாலும் அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசாதான். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலைக்கும் போக முடியாது. (ஓசிஐ என்றதும் "ஓசியா?" என்று கேட்கும் மாமா எல்லா வீட்டிலும் உண்டு. வெளிநாட்டில் விண்ணப்பித்தால் 275 டாலர், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி என்று சொல்லுங்கள், அடங்கிவிடுவார்.)

2006 ஜனவரியில் ஐதராபாத்தில் நடந்த பிரவாசி பாரதிய திவஸ் (வெளிநாடுவாழ் இந்தியர் தினம்) விழாவில் தொடங்கிய திட்டம் இது. 2015 ஜனவரியில் பழைய பிஐஓ (இந்திய வம்சாவளியினர் அட்டை) திட்டத்தையும் இதில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் பிஐஓ அட்டை இருந்தால், பயணத்துக்கு முன்பே ஓசிஐயாக மாற்றிவிடுங்கள்.

அட்டை கையில் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் தங்கலாம். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள எட்டு மாதம் தங்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி எது? மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் டிக்கெட். ஓசிஐ அட்டையைக் காட்டினால் உள்ளூர்க்காரர் போல 40 ரூபாய்.

யாருக்குக் கிடைக்கும்? 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அன்று குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், இவர்களின் பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி வரை. சில நாடுகளுக்கு இந்தத் தலைமுறைக் கணக்கை நீட்டியிருக்கிறார்கள். மொரிசியஸில் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024-ல் அறிவிப்பு வந்தது. பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி என யாராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் கிடைக்காது.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதை என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். தமிழர் என்பது மட்டும் போதாது, முன்னோரில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று காகிதம் பேச வேண்டும். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பலருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாத்தாவோ பாட்டியோ இந்தியக் குடியுரிமை பெற்று ஊர் திரும்பியிருந்தால், அப்போது கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டை எந்த உறவினர் வைத்திருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

உண்மையான வேலையே அங்கேதான் இருக்கிறது. ஆன்லைன் படிவத்தை ஒரு மாலையில் நிரப்பிவிடலாம். மாதக்கணக்கில் இழுப்பது காகிதம். உங்களிடமே பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியதும் அதை ஒப்படைத்து, ரத்து முத்திரை குத்தி, சரண்டர் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். புதுக் குடியுரிமைக்குப் பிறகும் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு அபராதம் காத்திருக்கிறது. ரத்தான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் ஆதாரம்.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். தாத்தா ஊரைவிட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட் எடுத்தாரா, பள்ளிச் சான்றிதழ் இருக்கிறதா, தாசில்தார் தரும் நேட்டிவிட்டி (பிறப்பிட) சான்றிதழ் வாங்க முடியுமா என்று பாருங்கள். அதோடு அவரிலிருந்து உங்கள் வரைக்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இதையெல்லாம் விவரமாகச் சொல்லக்கூடிய பெரியப்பா, அத்தை இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பயணத்தின் முதல் வாரத்திலேயே அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது நம் இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவங்களோ அதைக் கேட்காமல் விடாது. என் மகளுக்கு விண்ணப்பித்தபோது பட்டேன். அவள் பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. என் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் வெறும் ஓர் எழுத்து. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் என் பெயரை எழுதும்போது ஒன்றில் ஒரு 'ஏ', இன்னொன்றில் இரண்டு 'ஏ'. விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் அஃபிடவிட் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. விண்ணப்பிக்கும் முன் எல்லாக் காகிதங்களையும் மேசைமேல் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஊர் நகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருப்பவர்கள், பெயர் சேர்ப்பதை அடுத்த பயணத்தின் முதல் வேலையாக வையுங்கள். பயணத் தேதி நெருங்கிவிட்டால் அவசரப்பட வேண்டாம், இ-டூரிஸ்ட் விசாவில் போய் வாருங்கள்.

கணவன் அல்லது மனைவி வேற்று நாட்டவர் என்றால், அவரும் விண்ணப்பிக்கலாம்; ஆனால் திருமணத்தைப் பதிவு செய்து விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்து ஆனால் அந்த அட்டையும் போய்விடும்.

பாஸ்போர்ட் மாறும்போது என்ன செய்வது? 2021-ல் விதியைத் தளர்த்தினார்கள். 20 வயதுக்குள் எடுக்கும் ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டுக்கும், 50 முடிந்தபின் எடுப்பதற்கு ஒரு முறையும், புதுப் பாஸ்போர்ட்டின் நகலையும் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. சிறு வயதில் அட்டை வாங்கிய பிள்ளைகள் 20 வயதுக்குப் பின் புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரே ஒரு முறை அட்டையையே புதிதாக வாங்க வேண்டும். திருமணத்தால் ஓசிஐ பெற்றவர் மட்டும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் ஏற்ற வேண்டும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஊருக்குப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஓசிஐக்காரர் வீடு, பிளாட், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. தானமாகவும் பெறக் கூடாது. "நான் இருக்கும்போதே உன் பேருக்கு எழுதி வச்சிடறேன்" என்று அப்பா நஞ்சையைச் செட்டில்மென்ட் எழுதப் போனால் தடுத்துவிடுங்கள். அதே நிலம் அவர் காலத்துக்குப் பின் வாரிசாக உங்களுக்கு வந்தால் அதில் தடையில்லை. அப்படி வந்ததை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். 'வெளிநாடுவாழ் தமிழருக்கென்றே' என்று விளம்பரம் செய்யும் மனைகளிலும் அங்கீகாரம் இருக்கிறதா, பட்டாவில் இன்னும் புஞ்சை என்றே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மருத்துவம், பொறியியல் சேர வரும் பிள்ளைகள் நீட், ஜேஇஇ எழுதலாம். ஆனால் 2021 மார்ச் அறிவிப்புக்குப் பிறகு அட்டை பெற்றவர்களுக்கு என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) இடங்கள்தான். செய்தி சேகரிப்பு, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் ஆகியவற்றுக்கும், அருணாசலப் பிரதேசம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட், அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அட்டையை வீட்டில் மறந்தால் கிளம்பும் ஊரிலேயே போர்டிங் பாஸ் தர மறுப்பார்கள். சென்னையிலும் திருச்சியிலும் ஓசிஐக்காரர்களுக்கும் விரைவுக் குடிவரவு வாயில் வந்துவிட்டது. முன்கூட்டியே இணையத்தில் பதிந்து கைரேகையும் முகப்படமும் கொடுத்திருந்தால், நள்ளிரவில் மூன்று விமானங்கள் ஒன்றாக இறங்கினாலும் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.