ஆசிரியர் வேலையோடு இளையோர் நாவல் எழுதுவது எப்படி? திருகோணமலையிலிருந்து ஒரு கைக்குறிப்பு

பாடசாலை ஒன்றரைக்கு விடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழும்ப நாலு மணியாகிவிடும். பிறகு ரியூசன், சொந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடம், நாளைய பாடக்குறிப்பு. இரவு பத்து மணிக்கு நாவலைத் திறந்தால் கொட்டாவிதான் வரும். ஆசிரியர்கள் தொடங்கும் நாவல்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்பதற்கு இந்த நேரப் பிழைதான் முதற்காரணம். கற்பனை வறட்சி என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

எழுத்தை விடியப்புறம் 4.30க்கும் 5.30க்கும் இடையில் வையுங்கள். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் வீடு ஆறியிருப்பது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான். முதல் பத்து நிமிடம் நேற்றைய கடைசிப் பக்கத்தை வாசிக்க. வாசிக்கும்போது கையில் பேனை இருக்கக்கூடாது. ஆசிரியரின் கை பேனையைக் கண்டால் திருத்தத் தொடங்கிவிடும், நேரம் அதிலேயே போய்விடும். அடுத்த 45 நிமிடம் எழுத. கடைசி ஐந்து நிமிடத்தில் நாளைக்குத் தொடங்கவேண்டிய முதல் வசனத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு எழும்புங்கள். இந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் மறுநாள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே கால் மணித்தியாலம் போகும்.

ஒரு நாளைக்கு 300 சொல் போதும். சி.ஆர். என்ற பெரிய கொப்பியில் ஏறத்தாழ ஒன்றரைப் பக்கம். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 1,500 சொல், அதாவது ஓர் அத்தியாயம். 13 முதல் 17 வயது வரையானவர்களுக்கான நாவலுக்கு இருபது அத்தியாயம், 30,000 சொல் அளவானது. கணக்குப்படி இருபது கிழமையில் முடியவேண்டும். முடியாது. தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, நவராத்திரி, வீட்டுக் காரியங்கள் எல்லாவற்றையும் சேர்த்து எட்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் மனம் உடையாது.

பரீட்சைக் காலத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நாலு வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள், தாளுக்கு ஆறு நிமிடம்: 16 மணித்தியாலம். அதற்குமேல் புள்ளிப் பதிவும் தேர்ச்சி அறிக்கையும். அந்த இரண்டு கிழமையில் புதிதாக ஒன்றும் எழுதவேண்டாம். 160 தாள் திருத்திய கண்ணுக்கு எல்லா வசனமும் பிழையாகத்தான் தெரியும். நல்ல அத்தியாயத்தையும் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். அந்த நாட்களில் மற்றவர்களின் கதைகளை வாசியுங்கள்.

பட்டணத்திலிருந்து மூதூருக்கோ குச்சவெளிக்கோ பஸ்ஸில் போய்ப் படிப்பிக்கிறவருக்கு 4.30 கணக்கு சரிவராது. அவருக்குப் பாடசாலை விட்டபின் பஸ் வரும்வரை கிடைக்கும் அரை மணித்தியாலமும், சனி ஞாயிறு விடியற்காலையும்தான். பஸ்ஸில் எழுத முயலவேண்டாம். ஃபோனில் குரலைச் சொல்லி எழுத்தாக்கினாலும் இரைச்சலில் பாதி போகும்; மிஞ்சியதில் “வாறன், போறன்” என்ற பேச்சை அது தன் விருப்பத்துக்கு மாற்றி வைக்கும். எழுதி முடித்த அத்தியாயத்தை ஃபோனை வாசிக்கவிட்டுக் காதில் கேட்டுக்கொண்டு போவது பஸ்ஸுக்குத் தோதான வேலை. எங்கே வசனம் நீண்டு மூச்சு முட்டுகிறது என்பது கண்ணைவிடக் காதுக்கு விரைவில் பிடிபடும்.

வகுப்பறையில் கேட்டதைக் குறித்தல்

ஆசிரியருக்கு வேறு எழுத்தாளர்களிடம் இல்லாத ஒரு வசதி: பதினைந்து வயதுக்காரர் கதைப்பது நாள் முழுக்கக் காதில் விழுகிறது. அதற்கென்று சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். பாடக்குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதவே வேண்டாம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவர் முதலில் புரட்டுவது அதைத்தான். பாடவேளையில் எழுதவேண்டாம், இடைவேளையில் எழுதுங்கள். சொன்ன ஆளின் பெயரை எழுதாதீர்கள். சொன்னதை மட்டும், சொன்ன விதத்தில், ஒரு வரி.

நாவலுக்குள் கொண்டுபோகும்போது ஒரு பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வந்த எந்த விடயத்திலும் குறைந்தது மூன்றை மாற்றுங்கள்: ஆணா பெண்ணா என்பது, ஊர், தகப்பனின் தொழில். பெயரை மட்டும் மாற்றினால் சல்லியிலோ சாம்பல்தீவிலோ உள்ள ஒரு சின்ன வட்டாரத்தில் ஒரே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றையும் மாற்றியபின் சம்பவம் கதையில் நிற்கவில்லை என்றால், அது உங்களுடைய கதையே அல்ல, அந்தப் பிள்ளையுடையது. விட்டுவிடுங்கள்.

கட்டுரைக் கொப்பியில் ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையை எழுதியிருந்தால் அதை நாவலுக்கான பொருளாகப் பார்க்கவே கூடாது. அதிபருக்கும் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியருக்கும் தெரிவிக்கவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஆசிரியர் குரலை வெளியே எடுத்தல்

மிகக் கடினமான வேலை இதுதான். ஆசிரியர் எழுதிய கதை என்பது மூன்றாம் பக்கத்தில் தெரிந்துவிடும். பாத்திரங்கள் முழு வசனத்தில் கதைக்கும், காரணம் சொல்லும், “ஏனெனில்” போடும். இப்படி:

“அம்மா, இன்று நான் மாலை வகுப்புக்குச் செல்லப்போவதில்லை. ஏனெனில், எனக்குக் கணித பாடத்தில் ஈடுபாடு இல்லை.”

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் இப்படி உண்மையைக் கொட்டுவதில்லை. அதே காட்சி:

“இண்டைக்கு ரியூசன் இல்லையாம்.”

அம்மா கறிவேப்பிலை உருவுவதை நிறுத்தவில்லை. “ஆர் சொன்னது?”

“சேர்தான்.”

“சேர் இப்பதானே இதால சைக்கிள்ள போறார்.”

அவன் செருப்பைத் தேடினான்.

கணிதம் பிடிக்காது என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் விளங்கும். இளையோருக்கு எழுதும்போது பாத்திரம் மறைப்பதை எழுதவேண்டும், விளக்குவதை அல்ல. எழுதி முடித்த ஒவ்வோர் உரையாடலிலும் “ஏனெனில், ஆகவே, எனவே” மூன்றையும் தேடி வெட்டுங்கள். வெட்டினால் காட்சி விழுந்துவிடும் என்றால் காட்சிதான் பலவீனம்.

கதைசொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருப்பது வாசிக்க இலகு. பேச்சு என்றால் யாருடைய பேச்சு என்று முடிவு செய்யவேண்டும். கிண்ணியா முஸ்லிம் பிள்ளை “வாப்பா, உம்மா” என்று கூப்பிடும்; உவர்மலைப் பிள்ளையின் வாயில் அது வராது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பகிடி சொல்லும் விதம் வேறு. எல்லாரையும் ஒரே தமிழில் கதைக்கவிடுவது சோம்பல். ஒரு சமூகத்தின் பேச்சை மட்டும் சிரிப்புக்காக எழுதுவது அதைவிட மோசம். ஐயம் இருந்தால் அந்த ஊர் ஆசிரியர் ஒருவரிடம் அந்த இரண்டு பக்கத்தைக் காட்டுங்கள். ரியூசனா டியூசனா, ஃபோனா போனா என்ற எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பக்கப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். முதல் அத்தியாயத்தில் ஒன்றும் பத்தாம் அத்தியாயத்தில் இன்னொன்றுமாக வருவதுதான் அச்சில் அதிகம் கண்ணைக் குத்தும்.

இன்னும் இரண்டு சோதனை. ஒன்று, ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசிப் பந்தியையும் கையால் மூடிக்கொண்டு வாசியுங்கள். மூடினால் நன்றாக இருந்தால் அந்தப் பந்தி காலைக் கூட்டத்தில் பேசவேண்டியது, வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்டத்தான் வேண்டிவரும். மற்றது, கதையில் நல்ல ஆசிரியர் ஒருவர் வந்து சிக்கலைத் தீர்த்து வைக்கிறாரா என்று பாருங்கள். வந்தால் அவரை இடமாற்றம் பெற்றுப் போகவிடுங்கள். பிள்ளைகளே சிக்கலோடு மல்லுக்கட்டட்டும். கதாநாயகிக்கு 16 வயது என்றால் வாசிப்பவர்களில் பலர் 13, 14 வயதுக்காரர். தங்களைவிடச் சற்று மூத்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள்.

ஊர் பிழைக்கக்கூடாது

டச்சு பே (Dutch Bay) கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் சூரியன் மறைவதைப் பார்த்ததாக எழுதினால் ஊர்ப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். அங்கே கடல் கிழக்கே. கடலிலிருந்து எழும்புவது காலைச் சூரியனும் பௌர்ணமி நிலவும்தான். பின்னேரச் சூரியன் பட்டணத்துக்குப் பின்னால் இறங்கும். கரைவலை இழுக்கும் காட்சியை மார்கழியில் வைக்கவேண்டாம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், கரைவலைக் காலம் சித்திரை, வைகாசியை ஒட்டி வருவது. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு. கோட்டை வாசலில் புள்ளிமான் நிற்பது உண்மை. ஆனால் ஊர்ப் பிள்ளைக்கு அது அதிசயமில்லை, பாண் துண்டுக்கு வந்து முட்டும் ஒரு தொல்லை. அப்படித்தான் எழுதவேண்டும். பாட்டனார் சொல்லும் கதையாக யப்பான்காரர் குண்டு போட்டதைக் கொண்டுவந்தால் திகதி 1942 ஏப்ரல் 9. அன்று பத்து வயதாயிருந்தவருக்கு 2024ல் 92. பாட்டனா பூட்டனா என்று கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

யாரிடம் வாசிக்கக் கொடுப்பது?

உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் வேண்டாம். புள்ளி போடுகிறவரின் கதையை எந்தப் பிள்ளையும் நன்றாயில்லை என்று சொல்லாது. வேறு பாடசாலைப் பிள்ளைகள் ஐந்து பேர், பெற்றோரின் சம்மதத்தோடு. எழுதியவர் யார் என்று சொல்லாமல், ஒரு பென்சிலோடு கொடுங்கள்: “அலுப்பு வந்த இடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.” கருத்துக் கேட்டால் பிள்ளைகள் பரீட்சை விடை போல் எழுதித் தருவார்கள். ஐந்து பிரதியில் மூன்றில் ஒரே பக்கத்தில் புள்ளி விழுந்தால் அந்தப் பக்கத்தை வெட்டவேண்டும். திரும்பி வராத பிரதியும் ஒரு விடைதான்.

தட்டச்சும் அச்சும்

தொடக்கத்திலிருந்தே யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியில் அடித்த பழைய அத்தியாயங்களை மாற்றும்போது ஒரு வஞ்சகப் பிழை வரும். அந்த எழுத்துருவில் அடிப்பவர்கள் “ரி”க்குப் பதிலாக அரவை (ா) போட்டு விசிறியை (ி) ஏற்றிவிடுவார்கள். தாளில் பார்க்க வித்தியாசமே தெரியாது. மாற்றியபின் அது “ாி” ஆகக் கிடக்கும். “பரிசு” என்று தேடினால் அகப்படாது. “அவர்” என்பதும் “அவா்” ஆகியிருக்கும். “ாி”, “ாீ”, “ா்” மூன்றையும் முறையே “ரி”, “ரீ”, “ர்” என்று முழுக் கோப்பிலும் ஒரே தடவையில் மாற்றலாம். சரியான தமிழில் அந்தச் சேர்க்கை வராது என்பதால் ஆபத்தில்லை. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஐ, ஜ இரண்டையும் மாற்றி அடித்த குழப்பத்தை அப்படி மாற்றமுடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பக்கம் வடிவமைப்பவர் பழைய பேஜ்மேக்கர் வைத்திருந்தால் அதில் யூனிகோட் தமிழ் சரியாக விழாது. இன்டிசைனிலும் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேலை கொடுக்குமுன் “கொக்கு, கோழி, கௌரி” மூன்று சொல்லை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மெய்ப்பை எப்போதும் தாளில் பாருங்கள், மூன்று தடவை, மூன்றாவதை வேறொருவர். அச்சில் பக்கங்கள் 16, 16 ஆகப் போகும். 160 என்றால் பத்துப் படிவம். 163 வந்தால் மூன்று பக்கத்துக்காகத் தாள் வீணாகும்; எழுத்தளவைக் குறைக்காமல் மூன்று பக்கத்தை வெட்டுங்கள், வெட்ட இடம் இருக்கும். நூலுக்கான சர்வதேசத் தர இலக்கத்தை (ஐ.எஸ்.பி.என்.) கொழும்பிலுள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறவேண்டும். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அட்டை அச்சுக்குப் போகுமுன் அது கையில் இருக்கவேண்டும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது.

முதல் தடவை 300 பிரதி போதும். சொந்த வகுப்பில் விற்கவேண்டாம். ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வைத்தால் எடுக்கிறவர் எடுப்பார். மிச்சக் கட்டுகளை நிலத்தில் அடுக்காதீர்கள். ஐப்பசி மழை தொடங்கினால் சீமெந்து ஈரம் இழுக்கும், கீழ்க்கட்டின் அட்டை நெளிந்துவிடும். நாலு செங்கல் வைத்து அதன்மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். கைப்பிரதியில் குத்திய ஸ்டேப்ளர் பின்களையும் கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள். கடற்காற்றுக்கு அவை ஒரே மாரியில் துருப்பிடித்து முதல் பக்கத்தைத் தின்றுவிடும்.