ஈக்குவெஸ்ட்ரிஸ் ஓர்க்கிட்: வேரை அழுக விடும் தவறுகள்

ஃபெலனொப்சிஸ் ஈக்குவெஸ்ட்ரிஸ், பிலிப்பைன்ஸிலும் தாய்வானிலும் மரங்களில் ஒட்டி வளரும் சின்ன ஓர்க்கிட். தாழ்நிலச் செடி, மட்டக்களப்புச் சூட்டைத் தாங்கும். இங்கே அது சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான்.

மாரிக்குப் பயந்து செடிக் கூடாரத்தை நாலு பக்கமும் பொலித்தீனால் மூடுவது முதல் பிழை. கூரைக்கு மட்டும் பொலித்தீன் போதும், பக்கங்களுக்கு வலை கட்டுங்கள். காற்றோடாத கூடாரத்தில் சாடி காயவே காயாது. மேலே 75 முதல் 80 சதவீத நிழல்வலை வேண்டும். 50 சதவீத வலை போட்டால் கோடையில் இலை வெளுத்துக் கருகும்.

சாடியில் தும்புத்தூளை நிரப்பாதீர்கள். அது நீரைப் பிடித்து வைத்து வேருக்குக் காற்றை மறிக்கும். 2 சென்ரிமீற்றர் அளவில் வெட்டிய தேங்காய்ப் பொச்சுத் துண்டும் சிரட்டைக்கரியும் சரிபாதி எடுங்கள். பொச்சில் உப்பு இருக்கும். 3 நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சாடியின் அகலம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் விடும் நாளை நாட்காட்டி பார்த்துத் தீர்மானிக்காமல் வேரைப் பாருங்கள். வெள்ளிச் சாம்பலாக இருந்தால் காய்ந்துவிட்டது, ஊற்றலாம். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்ல இழுக்கும்போது தோல் கழன்று நூல்போல நடுநரம்பு மட்டும் கையில் வந்தால் அந்த வேர் முடிந்துவிட்டது. காலையிலேயே ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் குருத்தில் தேங்கிய நீர் இரவெல்லாம் கிடக்கும். குருத்து வெந்த கீரைபோலாகி, தொட்டதும் கழன்று வரும். இதற்கு இருப்பது ஒரே குருத்து, அது போனால் செடி தப்புவது அரிது.

கச்சான் என்ற வறண்ட சூட்டுக்காற்று வீசும் நாட்களில் இலை சுருங்குவதைக் கண்டு சாடியில் மேலும் மேலும் ஊற்றுவார்கள். வறண்டிருப்பது காற்று, அதனால் நனைக்க வேண்டியது தரை மணலை.

வாவிக்கரைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். சாடி விளிம்பில் வெள்ளைப் படிவும் கருகிய வேர்நுனியும் கண்டால் மழைநீருக்கு மாறுங்கள். மழைநீர் பிடிக்கும் பீப்பாவை நுளம்பு புகாமல் வலையால் மூடுங்கள். பசளை லீற்றருக்கு அரைக் கிராம், வாரம் ஒருமுறை, ஈர வேருக்கு மட்டும்.

பூ உதிர்ந்ததும் பச்சைக் காம்பை வெட்டாதீர்கள். அதன் நுனி நீண்டு மறுபடி மொட்டு விடும், கணுக்களில் குட்டிச் செடியும் வரும். குட்டிக்கு 5 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு மூன்று வேர் வந்த பிறகே பிரித்து நடுங்கள்.