மலைநாட்டு வீட்டுல பாட்டு நிக்காம ஓட நெட்வொர்க் போடுறது எப்படி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் யாராவது நல்ல குவாலிட்டில பாட்டு கேக்கணும்னு ஆசப்பட்டா மொதல்ல ஓடிப்போய் பெரிய பேக்கேஜ் தான் போடுறாங்க. சல்லி வீண். கணக்க பாருங்க, ஸ்பாட்டிஃபைல வெரி ஹை வச்சா 320 கேபிபிஎஸ் (செக்கனுக்கு எத்தன கிலோபிட்ங்குற கணக்கு, 1000 சேந்தா 1 எம்பிபிஎஸ்), சிடி குவாலிட்டி சுருக்காம 1411 கேபிபிஎஸ், அதையே ஃப்ளாக்குன்னு சத்தம் தொலையாம சுருக்குற ஃபைலா வச்சா பாட்ட பொறுத்து 700ல இருந்து 1000 வரைக்கும் வரும், சிடிய விட நுணுக்கமான 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் ஃபைல் கூட ஏறத்தாழ 3 எம்பிபிஎஸ் தான். யூடியூப்ல எச்டி படம் ஓடுற லைன்ல இதெல்லாம் தாராளமா ஓடும்.

நம்ம பக்கம் பிரச்சின ஸ்பீடு இல்ல, லைன் விட்டு விட்டு வர்றது தான். பொழுது சாஞ்சி எல்லாரும் போன கையில எடுத்ததும் டவர் திணறுது, காத்து மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போகுது, கரண்ட் ரொம்ப நேரம் வராட்டி டவரும் படுத்துடுது. அதனால நான் சொல்றது இதான்: பாட்ட வீட்டுக்குள்ளயே ஒரு மெஷின்ல வச்சிக்கிங்க, இன்டர்நெட்ட புதுசா எடுக்குறதுக்கு மட்டும் வச்சிக்கிங்க. வெளி லைன் செத்தாலும் வீட்டுக்குள்ள வைஃபை வேல செய்யும் தானே, பாட்டு பாட்டுக்கு ஓடும்.

ஸ்ட்ரீமிங்கும் வேணும்ங்குறவங்க டேட்டாவ யோசிச்சிக்கிங்க. ஃப்ளாக் ஒரு மணித்தியாலத்துக்கு 450 எம்பி வரைக்கும் இழுக்கும், நாளைக்கு மூணு மணித்தியாலம் கேட்டா மாசம் 40 ஜிபி போயிரும். 24 பிட் 96ன்னா ஒரு மணித்தியாலத்துக்கே 1.3 ஜிபி. நைட் டேட்டா தனியா தர்ற பேக்கேஜ்ல அந்த டேட்டா பாதி வீட்டுல சும்மா தான் கெடக்கு, ஆல்பத்த ராவைக்கு டவுன்லோட் போட்டுட்டு படுங்க.

இப்ப ரவுட்டர். டவுன்ல ஃபைபர் இருந்தா இந்த பகுதிய தாண்டி போங்க. தோட்டத்து பக்கம் 4ஜி சிம் ரவுட்டர் தான், அத எங்க வைக்கிறோம்ங்குறதுல தான் பாதி வேல முடியுது. டிவிக்கு பக்கத்துல அழகா வைக்காதீங்க. டவர் எந்த மலை பக்கம்னு பாத்து அந்த பக்கத்து ஜன்னல்கிட்ட வைங்க, தகரத்துக்கு கீழ ஒட்டுனாப்ல வேணாம், தகரம் சிக்னல அடிச்சி திருப்பிரும். ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல ஆர்எஸ்ஆர்பின்னு டவர் சிக்னலோட பலத்த மைனஸ்ல ஒரு நம்பரா காட்டும், மைனஸ் 90க்கு இந்தப்பக்கம் 80, 85ன்னு இருந்தா நல்லது, மைனஸ் 110 தாண்டிட்டா எடத்த மாத்தித்தான் ஆகணும். ரவுட்டர்ல தெரியுற சிக்னல் கோடுங்கள நம்பாதீங்க, இந்த நம்பர பாத்துக்கிட்டே ஒவ்வொரு ஜன்னலா நகத்துங்க. எங்கயும் சரி வரலன்னா வெளி அன்டெனா போடலாம், ஆனா அன்டெனால இருந்து ரவுட்டருக்கு வர்ற வயர் நீளமானா புடிச்ச சிக்னல் அதுலயே கரஞ்சிரும். அன்டெனா வயர கட்டையா வச்சி ரவுட்டர அது கிட்ட கொண்டு போங்க, அங்க இருந்து உள்ளுக்கு லேன் கேபிள் இழுங்க. லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் பிரச்சின இல்லாம போகும்.

வீட்டுக்குள்ள எதிரி செவரு. பழைய லயத்து காம்பராவும் சரி, பங்களாவும் சரி, கருங்கல் செவருன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்கு போறதுக்குள்ள செத்துரும். ஒரே அறைக்குள்ளன்னா 5 தான் சிறப்பு, செவர தாண்டணும்னா 2.4 போடுங்க. லயத்துல காம்பராவுக்கு ஒரு ரவுட்டர் இருந்தா 2.4ல சந்த மாதிரி எரைச்சல், அப்ப சேனல் ஆட்டோவுல விடாம 1, 6, 11 இந்த மூணுல எதுல கூட்டம் கொறவோ அதுல நிறுத்துங்க, போன்ல வைஃபை அனலைசர் அப் போட்டா காட்டும். சேனல் அகலம் 20ல இருந்தா போதும், 40 வேணாம்.

முடிஞ்சா பாட்டு மெஷினுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல வயர் போட்டுருங்க. லேன் கேபிள்ல கேட் 5இ ரகம் போதும், கேட் 6 கெடச்சா வாங்குங்க, ஆனா சுத்த செம்பா இருக்கணும். வெல கொறவா விக்கிறதுல நெறைய அலுமினியத்து மேல செம்பு பூசுனது, மடிச்சா ஒடயும். நம்ம பனிக்கும் ஈரத்துக்கும் பிளக்குல பச்ச புடிக்கும், அதனால பிளக்க ஜன்னல் விளிம்புல திறந்து கெடக்க விடாதீங்க. பாட்டுக்குன்னே ஸ்பெசலா ஆயிரக்கணக்குல விக்கிற நெட்வொர்க் கேபிள்கள் பக்கம் போகவே வேணாம். பாட்டு டேட்டாவா வருது, வழில தொலஞ்ச துண்ட திரும்ப கேட்டு வாங்கித்தான் மெஷின் ஓட்டும், கேபிளால பாட்டு நிக்கலாமே தவிர பேஸ் கூடவும் மாட்டாது இனிமை கூடவும் மாட்டாது.

அடுத்த அறைக்கு ரெண்டாவது ரவுட்டர் போடுறவங்க கவனிங்க, இங்க தான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. அத ரவுட்டர் மோட்ல விட்டா அது தனி நெட்வொர்க் ஒண்ண உருவாக்கிரும், போன் ஒரு நெட்வொர்க்ல பாட்டு மெஷின் இன்னொரு நெட்வொர்க்ல, ஒண்ண ஒண்ணு தெரியாது. அக்சஸ் பாயின்ட் மோட்டுக்கு மாத்துங்க, அப்ப அது தனி நெட்வொர்க் போடாம மொத ரவுட்டரோட நெட்வொர்க்கயே நீட்டி குடுக்கும். கெஸ்ட் வைஃபைல கனெக்ட் ஆனாலும் இதே கத, ஏபி ஐசலேசன்னு வைஃபைல இருக்குற மெஷினுங்கள ஒண்ணோட ஒண்ணு பேச விடாத ஒப்ஷன் ஒன்ல இருந்தாலும் இதே கத.

பாட்டு மெஷினுக்கு புதுசா எதுவும் வாங்க தேவையில்ல. ஸ்கிரீன் ஒடஞ்ச பழைய லெப்டொப் ஒண்ணு யார் வீட்டுலயாவது கெடக்கும், பெட்டரி கொஞ்சம் உசிரோட இருந்தா இன்னும் நல்லது, கரண்ட் போனா அதுவே தாங்கிக்கும். மூடி வச்சாலும் தூங்காத மாதிரி பவர் செட்டிங்ஸ்ல மாத்திருங்க. சல்லி இருந்தா ராஸ்பெரி பை 4ன்னு கையடக்க கம்பியூட்டர் போர்டு ஒண்ணு வாங்கலாம், கரண்ட் ரொம்ப கொறவா தான் குடிக்கும். ரெண்டுலயும் போட நாவிட்ரோம்னு பாட்டு சர்வர் சொஃப்ட்வெயர் இருக்கு, இலவசம், பாட்டு ஃபோல்டர காட்டி விட்டா அதுவே அடுக்கிக்கும், ப்ரவுசர்ல மெஷினோட ஐபி, அதாவது நெட்வொர்க்ல அதோட விலாச நம்பர போட்டு பக்கத்துல :4533 அடிச்சா தொறக்கும். வீட்டுல ரெண்டு மூணு எடத்துல ஒரே பாட்டு ஒரே நேரத்துல ஓடணும்னா லிரியன் மியூசிக் சர்வர் போடுங்க, முன்ன லொஜிடெக் மீடியா சர்வர்னு இருந்ததோட புதுப்பேரு தான் அது. எத போட்டாலும் ரவுட்டர்ல டிஎச்சிபி ரிசர்வேசன் பண்ணி அந்த மெஷினுக்கு ஒரே ஐபி கெடைக்கிற மாதிரி பூட்டிருங்க, இல்லாட்டி கரண்ட் போய் வந்த பிறகு ஐபி மாறி வீட்டுல எல்லாரும் உங்கள தான் கூப்புடுவாங்க. போன் அப்ல குவாலிட்டிய ஒரிஜினல்னு வைக்க மறக்காதீங்க, சில அப் தானா சுருக்கி குடுக்கும்.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு போடுங்க. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுன காலத்துல வாங்கி மூலைல போட்டது இருந்தா எடுத்து பெட்டரிய பாருங்க. ரவுட்டர் அடப்டர்ல எழுதியிருக்குற வோல்டும் அம்பியரும் யூபிஎஸ்ல பொருந்தணும், 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 குடுத்துறாதீங்க.

ஃபைல் விசயத்துக்கு வருவோம், நெட்வொர்க் எவ்வளவு நல்லா போட்டாலும் குப்பைய ஓட்டுனா குப்ப தான் கேக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3ய ஃப்ளாக்கா மாத்துனா சைஸ் பெருக்கும், தொலஞ்ச சத்தம் திரும்பாது. ஸ்பெக்னு ஒரு சின்ன சொஃப்ட்வெயர்ல ஃபைல போட்டு பாருங்க, 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டுன மாதிரி நின்னா அது பெரும்பாலும் எம்பி3ல இருந்து வந்த போலி. வீட்டுல பழைய ஒரிஜினல் சிடி இருந்தா எக்ஸாக்ட் ஆடியோ கொப்பிங்குற சொஃப்ட்வெயர்ல ஃப்ளாக்கா எடுங்க, ஒரு சிடி 300, 400 எம்பி தான், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்ல ஆயிரத்துக்கு மேல போகும். பாட்டு பேரு எடத்துல வெப்சைட் பேரு ஒட்டிக்கிட்டு வர்ற தமிழ் பாட்டுங்கள மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட்ங்குற சொஃப்ட்வெயர்ல போட்டு துடைக்கலாம், பொறும வேணும். கடைசில எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்ல கொப்பி எடுத்து வைங்க, எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா டிஸ்க் கெட்டுப்போக வாய்ப்பிருக்கு.

கேக்குற பக்கம் புளூடூத்த நம்பாதீங்க. புளூடூத் பாட்ட சுருக்கி அனுப்புற முறைல சாதாரண எஸ்பிசில அதிகம் போனா 328 கேபிபிஎஸ், எல்டாக் இருந்தா 990 வரைக்கும், அதுவும் தூரம் கூடுனா கொறஞ்சிரும். வைஃபைல வந்த ஃப்ளாக்க கடைசி பத்து அடில புளூடூத்துக்கு மாத்துனா மெனக்கெட்டது எதுக்கு? பழைய அம்ப் செட்டுல ஆக்ஸ் ஓட்டை இருக்கும், டேட்டாவ சத்தமா மாத்துற யூஎஸ்பி டாக் ஒண்ணு வாங்கி அந்த லெப்டொப்லயோ ராஸ்பெரி பைலயோ குத்தி ஆர்சிஏ வயர்ல அதுக்கு குடுங்க, போன ரிமோட்டா வச்சிக்கலாம்.

இடி விசயம் தனியா சொல்றேன். ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், அப்ப பிளக் பொயின்ட்ட ஒஃப் பண்ணா மட்டும் பத்தாது, ரவுட்டர், லெப்டொப், அம்ப் எல்லாத்தோட பிளக்கையும் கழட்டுங்க, வெளில இருந்து வர்ற லேன் வயர், போன் லைன், அன்டெனா வயரும் சேத்து. இதெல்லாம் மின்னல் கிட்ட வர்றதுக்கு முன்ன பண்ணணும், தலைக்கு மேல வெட்டும்போது வயர தொடாதீங்க. அண்ணன் வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல திறந்த வெளில செம்பு லேன் கேபிள் இழுக்கவே இழுக்காதீங்க, ரெண்டு பக்கத்து மெஷினும் ஒரே நேரத்துல போகும். பகிரணும்னா ஃபைபர் வயர் போடுங்க, அது மின்னல கடத்தாது, இல்லாட்டி ரெண்டு பக்கமும் வயர்லஸ் பிரிட்ஜ் பொக்ஸ் வச்சி நேருக்கு நேரா திருப்பி விடுங்க, நடுவுல சவுக்கு மரமோ டர்பன்டைன் மரமோ குறுக்க நிக்காம பாத்துக்கிங்க.