ஒரு சாண் தூரத்தில் ஓர் ஆல்பம்

மின்னணு இசை என்றதும் பெரிய ஸ்பீக்கரும் நெஞ்சில் இடிக்கும் பேஸும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே செய்யப்போவது வேறு மாதிரி: இரவு 11 மணிக்கு இயர்போனை மாட்டிக்கொண்டு ஒருவர் தனியாகக் கேட்கிற, 8 உருப்படிகள் கொண்ட, 35 நிமிட ஆல்பம். இதற்குத் தேவை ஒரு மைக், 2 இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), மூடிய வகை ஹெட்ஃபோன், பழைய கேசட் ரெக்கார்டர், 4 பைசோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்ன வட்டத் தகடு), ஒரு லேப்டாப். சிந்தசைசர் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

கேட்பவருக்கு நெருக்கமாக இருக்கவேண்டும் என்று நினைத்ததுமே ரிவெர்பை, அதாவது செயற்கை அறை எதிரொலியை, தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். நெருக்கம் உண்மையில் ஒரு தூரக் கணக்கு. ஒலி எழும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் இறங்கும். சுவரில் மோதித் திரும்பும் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். 80 செ.மீ. தள்ளி இருந்த மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் தூரம் மூன்று முறை பாதியாகிறது, நேரடி ஒலி 18 டெசிபல் ஏறுகிறது. இந்த விகிதத்தை வைத்துத்தான் காது ‘பக்கத்தில்’ என்று முடிவு செய்கிறது. பதிவின்போது விட்டதைப் பிறகு எந்த பிளக்-இன்னாலும் ஒழுங்காகச் சேர்க்க முடியாது.

அறை

சின்ன ஒலியைப் பெரிதாக்கினால் கூடவே அறையும் பெரிதாகும். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், சுவர்க்கடிகாரம், ட்யூப்லைட் சோக் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுவது நல்லது. கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட நினைவு வரும், தோசை மாவும் தப்பிக்கும். எந்த ஊரானாலும் விடியற்காலை 2 முதல் 4 மணிதான் பதிவுக்கு நல்ல நேரம்.

வேலை செய்யப்போகும் கெயினிலேயே (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) மைக்கை வைத்து 1 நிமிடம் சும்மா பதியுங்கள். மீட்டர் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே நின்றால் தொடங்கலாம். மைனஸ் 50க்கு மேலே என்றால் இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சந்தேகம் லேப்டாப் சார்ஜர்மேல் விழட்டும்: அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

முட்டை அட்டையும் தெர்மோகோலும் வீண்செலவு. மெல்லிய அட்டையும் காற்று புகாத தெர்மோகோலும் ஒலியை அதிகம் உறிஞ்சாது. ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் போதும். அதை மைக்குக்குப் பின்னால் வைப்பதுதான் வழக்கமான தவறு. கார்டியாய்டு மைக் கேட்பது முன்பக்கத்தை. எனவே மெத்தை இருக்க வேண்டியது வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால்.

என்ன செய்தும் மின்சாரத்தின் ‘உர்ர்’ என்ற உறுமல் போகவில்லையா? ஆல்பத்தையே அதற்குச் சுருதி சேர்த்துவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஐந்து கட்டைக்குச் சுமார் 35 சென்ட் மேலே, அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மென்பொருளில் 440 என்று இருக்கும் அடிப்படைச் சுருதியை 449 ஆக்கி, ஐந்து கட்டையை ஆதார ஷட்ஜமாக வைத்தால் அந்த உறுமல் தம்புராவின் மந்தர ஷட்ஜமாகக் கேட்கும். மின்கட்டமைப்பின் அலைவரிசை சற்றே ஏறி இறங்கும்தான், ஆனால் 0.1 ஹெர்ட்ஸ் மாறினாலும் விலகல் 3.5 சென்ட், காதுக்குத் தெரியாது.

வேலையை முடிக்கும் முன் அறையின் வெறும் மௌனத்தை 3 நிமிடம் தனியாகப் பதிந்து வையுங்கள். பின்னால் இது எங்கெல்லாம் கைகொடுக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

மைக்கும் கெயினும்

மைக்கின் சுய இரைச்சல் 7 டெசிபலுக்குள் இருக்கிற பெரிய டயஃப்ரம் கண்டென்சர் வேண்டும். 18, 20 என்று போட்டிருக்கும் மலிவு மைக்கில் மேடைப் பாட்டு பதியலாம்; தாளைப் புரட்டும் ஒலியைப் பதிந்தால் ‘ஸ்ஸ்’ என்ற சீறல்தான் முன்னால் நிற்கும். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை இன்டர்ஃபேஸில் போட்டு, 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், 30 பாகை சாய்த்து வையுங்கள். இவ்வளவு பக்கத்தில் கார்டியாய்டு மைக் கீழ்ச்சுரங்களைத் தானாகவே தடிப்பாக்கும். நெருக்கத்தின் சுகமே பாதி அந்தத் தடிப்புதான். பயந்துபோய் 200 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடாதீர்கள், 60க்குக் கீழே மட்டும் வெட்டுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 18 முதல் மைனஸ் 12 டெசிபலுக்குள் நிற்கட்டும். 24 பிட்டில் அதற்குமேல் ஏற்றுவதால் ஒரு லாபமும் இல்லை, திடீரென்று ஒரு ‘டக்’ வந்தால் நஷ்டம் மட்டும் உண்டு.

ஒரு பயிற்சி. எவர்சில்வர் தட்டைத் துணி மடிப்பின்மேல் வைத்து, ஒரு விரற்கடை உயரத்திலிருந்து ஒவ்வொரு அரிசியாக விடுங்கள். சாதாரண வேகத்தில் அது வெறும் ‘டிங்’. பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கி சின்ன மணியாகிறது. கால் வேகத்தில் எங்கோ தூரத்துக் கண்டாமணி, ஆனால் மங்கல். காரணம் எளிது: 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது, கால் வேகத்தில் அந்த மேல்வரம்பு 6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. 96இல் பதிந்தால் ஓரளவு தேறும், என்றாலும் சாதாரண மைக்குகள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பிடிப்பதில்லை. பாதி வேகம்தான் நம்பகமான எல்லை.

பைசோ தகடு

காற்றில் வராத ஒலி பொருளுக்குள் ஓடும். அதைப் பிடிக்க 27 மி.மீ. பைசோ தகடு போதும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்கென்று மலிவாகக் கிடைக்கும். ஷீல்டு ஒயரின் உள்கம்பி நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியில், மேல்வலை பித்தளை விளிம்பில். வெள்ளைப் பகுதியில் சால்டர் முனையை 2 நொடிக்குமேல் வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும், அந்தத் தகடு அவ்வளவுதான். நாலு வாங்கச் சொன்னதே இதற்காகத்தான். பிறகு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் விரல் பட்டதும் உறுமும்.

பைசோ தகரடப்பா மாதிரி கேட்கிறது என்ற புகார் எப்போதும் வரும். தகட்டின்மேல் பழி போடாதீர்கள், தப்பு இன்புட்டில். இந்தத் தகடு சுமார் 20 நானோஃபாரட் கெபாசிட்டர் போல நடந்துகொள்கிறது. அதை 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் வடிந்துவிடும். கிடார் செருகும் 1 மெகா ஓம் இன்புட்டில் அதே கணக்கு 8 ஹெர்ட்ஸ். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்றிருக்கும் பொத்தானை அமுக்கினால் பிரச்சினை தீர்ந்தது. தகட்டை நேரடியாகத் தட்டவும் கூடாது: ஒரு தட்டில் பல வோல்ட் எழும்பும்.

ஒட்டிப் பார்க்க வேண்டியவை: ஜன்னல் கம்பி, குடத்தின் வெளிப்புறம் (உள்ளே தண்ணீர் சொட்டட்டும்), தையல் மெஷின் பலகை, சுருதிப் பெட்டியின் மரம். இரட்டைப் பக்க டேப்பைவிட சின்ன கிளாம்ப்பில் இறுக்கினால் உச்ச ஒலி தெளிவாக வரும்.

கேசட் லூப்

லூப் என்பது முனைகளை ஒட்டி ஓயாமல் சுற்றவிடும் நாடா. இதற்கு ஐந்து ஸ்க்ரூ போட்ட கேசட் வேண்டும்; ஒட்டிய கேசட்டைத் திறந்தால் திரும்ப மூடாது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், எனவே 5 நொடி லூப்புக்கு 23.8 செ.மீ. நாடா. இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து 45 பாகையில் ஒரே வெட்டாக வெட்டினால் பொருத்தம் சரியாக இருக்கும். ஒட்டுவது ஹெட்டில் படாத உட்பக்கத்தில், அதுவும் நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள டேப்பால். சாதா செலோடேப்பின் பசை நம் வெயிலில் வழிந்து ஹெட்டில் பிடித்துக்கொள்ளும். லூப்பை இரு மூலை உருளைகள் வழியாகவும் சக்கரங்களைச் சுற்றியும் போடுங்கள். இறுக்கமாக இருந்தால் சுருதி ஆடும். தளர்ந்தால் நாடா, அதை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டில் சுற்றிக்கொண்டு நாசமாகும். 2, 3 மி.மீ. வித்தியாசத்தில் விதி மாறும், ஆகவே முதல் நாலைந்து லூப்பை வீணாக்கத் தயாராக இருங்கள்.

ரெக்கார்டு பட்டன் அழுந்தவில்லை என்றால் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். அந்தக் குழிமேல் டேப் ஒட்டுங்கள்.

ரெக்கார்டரின் அழிப்பு ஹெட்டை மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் மறைத்துவிட்டால் லூப்பின் மேல் மேல் பதியலாம். ஒவ்வொரு சுற்றிலும் பதிவு ஹெட்டின் பயஸ் (ஒலியோடு சேர்த்து அனுப்பும் துணை மின்னோட்டம்) பழைய அடுக்கைக் கொஞ்சம் அழிக்கும். புதியது முன்னால், பழையது மங்கிப் பின்னால். ஞாபகம் தேய்வது மாதிரியான இந்தத் தேய்மானத்தை மென்பொருளில் செய்து காட்டுகிறார்கள், ஆனால் நாடா செய்வதுபோல ஏறுமாறாக வருவதில்லை.

இரண்டு லூப்பைச் சேர்த்து ஓட்டும்போது நீளத்தில் யோசனை வேண்டும். 5 நொடியும் 7 நொடியும் 35 நொடிக்கொருமுறை சேர்ந்துவிடும். கேட்பவருக்குச் சீக்கிரம் பிடிபடும். 5.0க்கும் 5.3க்கும் அந்தச் சந்திப்பு 4 நிமிடம் 25 நொடிக்கு ஒருமுறைதான். உருப்படியே அதற்குள் முடிந்துவிடும்.

துகள்கள்

கிரானுலர் முறையில் ஒலியைச் சிறு துகள்களாக நறுக்கித் தூவுகிறோம். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் என்ற மென்பொருள்கள் இலவசம், இரண்டிலும் செய்யலாம். துகள் 20 மில்லிநொடிக்குக் கீழே போனால் ரீங்காரமாகிவிடும், 200க்கு மேலே போனால் மூல ஒலி அப்படியே அடையாளம் தெரியும். 40 முதல் 100 வரை நல்ல இடம். ஒவ்வொரு துகளின் ஓரத்தையும் மழுக்க மறந்தால் ‘டிக் டிக்’ என்று பொரியும்.

எச்சரிக்கை: இது எல்லா ஒலியையும் ஒரே பனிமூட்டமாக்கிவிடும். அரிசியும் சுருதிப் பெட்டியும் வித்தியாசம் தெரியாமல் போனால் ஆல்பம் முழுக்க வால்பேப்பர். 8 உருப்படியில் 2இல் மட்டும் போதும்.

குரல்

கிசுகிசுப்பை 5 செ.மீ. தூரத்தில், பாப் ஃபில்டரோடு, மைக்கின் பக்கவாட்டில் பேசுங்கள். ‘ப’ வெடிக்கும், ‘ச’, ‘ஸ’ 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் குத்தும், அங்கே 3 டெசிபல் இறக்கினால் போதும். கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வு இல்லை, அதனால் சுருதியும் இல்லை. ஆட்டோட்யூன் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. வோகோடரில், அதாவது பேச்சின் வடிவத்தை இன்னோர் ஒலிமேல் ஏற்றும் கருவியில், கிசுகிசுப்பைக் குரலாகவும் சுருதிப் பெட்டியைச் சுரமாகவும் கொடுத்துப் பாருங்கள்: பெட்டி பேசத் தொடங்கும்.

எதை விடுவது

ஆல்பம் முழுவதற்கும் 12 மூல ஒலிக்கு மேல் வேண்டாம். 1955இல் கனடாவின் ஹியூ லெ கெய்ன் நீர்த்துளி ஒன்றின் ஒலியை எடுத்து, நாடாவின் வேகத்தை மாற்றி மாற்றியே ஒரு முழு ஆக்கத்தைச் செய்துவிட்டார். நமக்கு 12 என்பது ஆடம்பரம். முதல் உருப்படியில் வந்த ஜன்னல் கம்பி ஆறாவதில் பாதி வேகத்தில் திரும்ப வரும்போது கேட்பவருக்கு அது தெரிந்த வீடாகிவிடுகிறது.

மிக்ஸிங்

மெல்லப் பேசினால் கேட்கிற அளவுக்கு மேல் ஒலியை வைக்காதீர்கள். சத்தமாக வைத்தால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். மிகப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரே ஒரு ஒலியை மோனோவாக நடுவில், ரிவெர்ப் இல்லாமல் நிறுத்துங்கள்; மற்றவை பக்கங்களுக்குப் போகட்டும். தூரத்து ஒலிக்கு 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, முன்தாமதம் (ஒலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி) இல்லாத ரிவெர்ப். பக்கத்து ஒலிக்கு ரிவெர்ப் வேண்டியே தீரும் என்றால் 40 முதல் 60 மில்லிநொடி முன்தாமதம் கொடுங்கள், ஒலி பின்னால் ஓடாது.

சத்தமான இடங்களைக் காம்ப்ரசரில் அழுத்திப் பிறகு மொத்தத்தையும் ஏற்றினால் கூடவே அறை இரைச்சலும் ஏறும், சின்ன ஒலிகளில் அது ஆபத்து. கையால் வால்யூம் கோட்டை வரைவதுதான் பாதுகாப்பு, நேரம் பிடித்தாலும். இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்குமேல் போட்டால் தண்ணீருக்குள் பேசுவது போல அலம்பும்.

ஒலி நின்ற இடங்களில் வெறுமையை விடாதீர்கள். முழு டிஜிட்டல் மௌனம் வந்தால் கேட்பவர் போனைத்தான் எடுத்துப் பார்ப்பார். முன்பு பதிந்த அறை மௌனத்தை அங்கே போடுங்கள், உருப்படிகளுக்கு நடுவிலும் 4, 5 நொடி ஓடட்டும்.

கடைசி ஃபைல்

கேசட்டில் வெளியிடுவதானால் சி-40 வாங்கி பக்கத்துக்கு 18 நிமிடத்துக்குள் அடக்குங்கள். இணையத்துக்கு மைனஸ் 18 முதல் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (சராசரி சத்தத்தின் அளவுகோல்), உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14க்கு ஏற்றப் பார்க்கும், உச்சம் இடம்கொடுக்கும் வரைதான் ஏற்றும். அதற்காக உச்சங்களைத் தடுக்கும் லிமிட்டரில் நசுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக ஒரே அளவுக்கு ஏற்றுவது பெரிய தவறு, மெல்லியது மெல்லியதாகவே இருக்கட்டும். ஆல்பம் முழுவதையும் ஒரே ஃபைலாக வைத்து அளந்து, பிறகு வெட்டுங்கள்.

சிடிக்கு 16 பிட்டாக்கும்போது டிதர் (பிட் குறைப்பின் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போட மறக்காதீர்கள். போடாவிட்டால் மற்ற இசையில் தெரியாமல் போகலாம், இங்கே உருப்படிகள் மெல்ல அடங்கும் கடைசி நொடிகளில் கரகரப்பாக வெளியே வந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் சாதாரண இயர்போனில், வால்யூம் 2 புள்ளியில், மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். கேட்பவர் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். எந்த ஒலி காணாமல் போகிறது என்று நிமிடக் கணக்கோடு குறித்து, அதை மட்டும் 1.5 டெசிபல் ஏற்றுங்கள்.